உதவி பலித்ததா என்று எப்படித் தெரியும்?

பதினேழு வயதில் பிள்ளை பெற்று, கூட யாருமில்லாமல் அதை வளர்க்கும் பெண்ணைப் பற்றி எல்லாரிடமும் ஒரு கருத்து தயாராக இருக்கிறது. படிப்பு நின்றுவிடும், நல்ல வேலை கிடைக்காது, பிள்ளையும் பள்ளியில் பின்தங்கும் என்பார்கள். அமெரிக்காவில் 1970களிலும் 80களிலும் இது பெரிய பொதுவிவாதமாகவே நடந்தது. கணக்கெடுத்துப் பார்த்தபோதும் சராசரிகள் அந்தக் கருத்தின் பக்கமே நின்றன. பதின்வயதுத் தாய்மாரின் வருமானம் குறைவு. அவர்கள் பிள்ளைகளின் மதிப்பெண்ணும் குறைவு. ஆகவே சின்ன வயதில் பெற்றதுதான் எல்லாவற்றுக்கும் வேர் என்று முடிவு கட்டுவது சுலபம். அந்த முடிவு சரியா?

ஒரு விவசாயி புது உரம் ஒன்றைச் சோதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிணற்றை ஒட்டிய வயலுக்குப் பழைய எருவைப் போடுகிறார். மேட்டுக் கொல்லைக்குப் புது உரம். அறுப்பில் மேட்டுக் கொல்லை பாதிதான் கண்டது. குற்றம் உரத்தின் மேலா, தண்ணீர் இல்லாததாலா? அவரால் சொல்ல முடியாது. இரண்டு நிலங்களும் உரத்தில் மட்டும் வேறுபடவில்லை. பதினேழில் தாயானவளையும் இருபத்தேழில் தாயானவளையும் அப்படியே பக்கத்தில் நிறுத்தி ஒப்பிடுவதிலும் இதே பிழை இருக்கிறது. அமெரிக்காவில் பதின்வயதில் தாயாகும் பெண்களில் பெரும்பாலோர் ஏழைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். அவர்களில் பலர் கருவுறும் முன்பே பள்ளியில் தடுமாறிக்கொண்டிருந்தவர்கள். குழந்தை வருமுன்னரே அவர்கள் மேட்டுக் கொல்லையில்தான் நின்றார்கள். ஒப்பிடப்படும் இரு குழுவினரும் தொடக்கத்திலேயே வேறுபட்டிருப்பதால் நேரும் இந்தப் பிழையைத் தேர்வுச் சாய்வு என்று சொல்லலாம்.

இதைத் தாண்ட 1992இல் ஆர்லீன் ஜெரோனிமஸ், சாண்டர்ஸ் கோரன்மன் என்ற இரு ஆய்வாளர்கள் அழகான ஒரு வழியைக் கையாண்டார்கள். அக்கா தங்கைகளை ஒப்பிட்டார்கள். ஒரே பெற்றோர், ஒரே வீடு, ஒரே வறுமை. ஒருத்தி பதின்வயதில் பெற்றாள். மற்றவள் சில ஆண்டுகள் கழித்துப் பெற்றாள். நாடு முழுவதையும் வைத்துப் பார்த்தபோது அகலமாகத் தெரிந்த இடைவெளி, சகோதரிகளுக்குள் பார்த்தபோது வெகுவாகச் சுருங்கியது. வேறொரு தரவுத் தொகுப்பை எடுத்துக்கொண்டவர்கள் அடுத்த ஆண்டே, அவ்வளவு சுருங்கவில்லையே என்று மறுத்தார்கள். நியாயமான மறுப்புதான். அக்காவும் தங்கையும் எல்லாவற்றிலும் ஒரே அச்சா என்ன?

பிறகு ஜோசப் ஹாட்ஸ், சூசன் மெக்கெல்ராய், சேத் சாண்டர்ஸ் ஆகிய மூவர் இன்னும் துணிச்சலான ஒப்பீட்டைச் செய்தார்கள். பதின்வயதில் கருவுற்றுப் பிள்ளை பெற்றவர்களை, அதே வயதில் கருவுற்றுக் கருச்சிதைவு நேர்ந்தவர்களோடு வைத்துப் பார்த்தார்கள். இரு சாராரும் கருவுற்றவர்கள்தான். பிள்ளை பிறந்ததும் பிறக்காததும் பெரும்பாலும் அவர்கள் தேர்ந்தெடுத்ததல்ல. புகைப்பழக்கம் போன்றவை கருச்சிதைவைக் கூட்டும் என்பதால் இந்த ஒப்பீடும் முழுக்கத் தூய்மையானது என்று சொல்ல முடியாது. அதற்கும் அவர்கள் கணக்கில் இடம் விட்டார்கள். 2005இல் வெளிவந்த முடிவு இது: சின்ன வயதில் பெற்றதால் வந்ததாகச் சொல்லப்பட்ட கேடுகளில் பல, காலப்போக்கில் மங்கிவிடுகின்றன, பொதுக்கருத்து அஞ்சிய அளவுக்கு அவை பெரியவையும் அல்ல.

பால்டிமோர் நகரில் ஃபிராங்க் ஃபர்ஸ்டன்பெர்க் 1960களின் நடுவிலிருந்து சுமார் 300 பதின்வயதுத் தாய்மாரைப் பின்தொடர்ந்து, 1980களில் மறுபடி தேடிப்போய்ப் பார்த்தார். அவர்களில் பெரும்பாலோர் விட்ட பள்ளிப்படிப்பை முடித்திருந்தார்கள்; அரசின் நிதியுதவியை நம்பி வாழ்ந்தவர்கள் சிறுபான்மையினரே. யாரும் எதிர்பாராத அளவுக்கு அந்தப் பெண்கள் எழுந்து நின்றிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய பிள்ளைகளில் பலர் பள்ளியில் திணறிக்கொண்டிருந்தார்கள். தாய் மெல்ல மெல்லக் கரையேறுகிறாள். அவள் கரையேறும் வரை குழந்தைப் பருவம் காத்திருப்பதில்லை. என்னை இந்த விஷயத்தை விடாமல் படிக்க வைத்தது இதுதான். அந்த முதல் சில ஆண்டுகளில் அவளுக்குத் தோள் கொடுத்தால் ஏதாவது மாறுமா? மாறினால், அது தோள் கொடுத்ததால்தான் என்று எப்படி உறுதி செய்வது?

இங்கேயும் அதே பொறி காத்திருக்கிறது. குழந்தை வளர்ப்பு வகுப்பு ஒன்றை இலவசமாக நடத்துகிறோம் என்று கொள்வோம். தானாக முன்வந்து சேரும் தாய் யார்? பஸ்ஸுக்குக் காசு உள்ளவள், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள அம்மாவோ சித்தியோ உள்ளவள், மனச்சோர்வில் படுத்துக் கிடக்காதவள். அவள் பிள்ளை பிற்பாடு நன்றாக இருந்தால் பெருமை வகுப்புக்கா, அவளுக்கா? வகுப்பு முடிந்ததும் அவள் கண்கலங்க நன்றி சொல்வாள். அந்த நன்றி உண்மையானது. ஆனாலும் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது. இதை நிரூபித்துக் காட்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது, படிக்கிறவர் வயிற்றைப் பிசையும் ஆய்வு.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கேம்பிரிட்ஜ், சாமர்வில் என்ற இரண்டு பக்கத்து ஊர்கள். 1939இல் அங்கே ரிச்சர்ட் கபாட் என்ற மருத்துவரின் முயற்சியில், வழிதவறக்கூடும் என்று அஞ்சப்பட்ட சிறுவர்களுக்காக ஒரு திட்டம் தொடங்கியது. 506 சிறுவர்களை வயது, குடும்பம், குணம் எல்லாம் பொருந்தும்படி இணை இணையாகச் சேர்த்தார்கள். ஒவ்வொரு இணையிலும் யாருக்கு உதவி என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள். உதவி கிடைத்தவர்களின் வீட்டுக்கு ஆலோசகர்கள் சராசரியாக மாதம் இரண்டு முறை போனார்கள். பாடம் சொல்லிக்கொடுத்தார்கள், மருத்துவரிடம் அனுப்பினார்கள், கோடைக்கால முகாமுக்கு அழைத்துப் போனார்கள். இது ஐந்தாண்டு போல நடந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஜோன் மெக்கார்ட் என்ற பெண் ஆய்வாளர் அந்த மனிதர்களைத் தேடிப் பிடித்தார். உதவி பெற்றவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அந்தத் திட்டம் தங்களுக்கு நன்மை செய்தது என்று சொன்னார்கள். பதிவேடுகளைப் புரட்டினால் கதை வேறு. உதவி பெறாத தங்கள் இணைகளைவிட எதிலும் அவர்கள் மேலாக இல்லை. குடிப்பழக்கம், மனநோய், இளவயது மரணம், மறுபடியும் குற்றம் செய்தல் ஆகியவற்றில் கீழாக இருந்தார்கள். மெக்கார்ட் இதை 1978இல் வெளியிட்டார். ஒப்பிட்டுப் பார்க்க இணைகள் மட்டும் இல்லாதிருந்தால், அந்த நன்றிச் சொற்களை வைத்து அத்திட்டத்தை நாடெங்கும் பரப்பியிருப்பார்கள்.

நல்ல மனதோடு செய்யும் உதவியும் கெடுதல் செய்யக்கூடும் என்றால், உதவியைச் சோதிக்காமல் விடுவதுதான் இரக்கமற்ற செயல். சோதிப்பதற்கு இன்று நம்மிடம் உள்ள கூர்மையான கருவி, அந்த நாணயம் சுண்டல்தான். சமவாய்ப்பு ஒதுக்கீடு என்பது அதன் பெயர். 1920களில் இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ரொனால்ட் ஃபிஷர் அதற்கு முறையான வடிவம் கொடுத்தார். அவர் கையில் இருந்த சிக்கல் நாம் மேலே பார்த்த விவசாயியின் சிக்கலேதான். ஒரே நிலத்தை நிறையப் பாத்திகளாகப் பிரித்து, எந்தப் பாத்திக்கு எந்த உரம் என்பதைக் குலுக்கலில் விட்டால், ஈரமான பாத்திகளும் காய்ந்தவையும் இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக விழும். நமக்குத் தெரிந்த வேறுபாடுகள் மட்டுமல்ல, யாரும் யோசித்தே பார்க்காத வேறுபாடுகளும் அப்படியே சமன்படும். மிஞ்சும் வித்தியாசத்தை உரத்தின் கணக்கில் எழுதலாம். உதவி பெறாத, ஒப்பிடுவதற்காக வைக்கப்படும் பகுதிக்குக் கட்டுப்பாட்டுக் குழு என்று பெயர்.

இந்தக் கருவியை இளந்தாய்மாருக்கான உதவியில் கையாண்ட டேவிட் ஓல்ட்ஸ், 1970களின் தொடக்கத்தில் கல்லூரி முடித்த கையோடு பால்டிமோரின் ஏழைப் பகுதி ஒன்றில், குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்த்தவர். அங்கு வந்த சில பிள்ளைகளுக்கு நான்கு வயதுக்குள்ளேயே நிறையக் கேடு நடந்து முடிந்திருப்பதைக் கண்டார். உதவி இன்னும் முன்னால், வயிற்றில் இருக்கும்போதே தொடங்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது. பிறகு கார்னெல் பல்கலைக்கழகத்தில் யூரி பிரான்ஃபென்பிரென்னரிடம் படித்தார். குழந்தையைத் தனியாகப் பார்க்காமல் அதைச் சூழ்ந்த குடும்பம், அக்கம்பக்கம், வேலையிடம், அரசு எல்லாவற்றோடும் சேர்த்துப் பார்க்கச் சொன்ன உளவியலாளர் அவர்.

நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா, ஆலைகள் நொடித்துப்போன சிறு நகரம். குழந்தைகள் துன்புறுத்தப்படும் புகார்கள் அம்மாநிலத்திலேயே மிக அதிகமாகப் பதிவான பகுதிகளில் ஒன்று. அங்கே 1978 ஏப்ரல் முதல் 1980 செப்டம்பர் வரை, தலைப்பிள்ளையைச் சுமந்த 400 பெண்களை ஓல்ட்ஸும் அவர் குழுவினரும் சேர்த்தார்கள். பெரும்பாலோர் 19 வயதுக்குக் கீழானவர்களோ, மணமாகாதவர்களோ, ஏழைகளோ, பலர் மூன்றுமே. குலுக்கலில் அவர்கள் நான்கு குழுக்களாகப் பிரிந்தார்கள். முதல் குழுவுக்குக் குழந்தையின் வளர்ச்சிப் பரிசோதனை மட்டும். இரண்டாவதற்கு அதோடு மருத்துவமனைக்குப் போய்வர இலவச வாகனம். மூன்றாவதற்குக் கர்ப்ப காலத்தில் வீட்டுக்கு வரும் செவிலியர். நான்காவது குழுவுக்கு அதே செவிலியர் குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் வரை வந்தார்.

இந்தப் பிரிவினையைக் கண்டு சிலருக்கு மனம் உறுத்தலாம்: தேவைப்படுகிற பெண்ணுக்கு உதவியைக் குலுக்கலில் மறுப்பதா? கட்டுப்பாட்டுக் குழுவினர் யாரும் ஏற்கனவே கிடைத்த எதையும் இழக்கவில்லை. அந்நாளில் அந்த ஊரில் மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடச் சற்று அதிகமே பெற்றார்கள். செவிலியர் வருவது நல்லதா, வீணா, கேம்பிரிட்ஜ் சிறுவர்களுக்கு நடந்ததுபோலக் கெடுதலா என்பது அன்று யாருக்கும் தெரியாது.

செவிலியர் சராசரியாகப் பிரசவத்துக்கு முன் 9 முறையும் பின் 23 முறையும் வந்தார். ஒவ்வொரு முறையும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தார். அந்த நேரத்தில் என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் அறிவுரை என்ற சொல்லைக் கேட்டதும் நமக்கு நினைவுக்கு வருவது வேறு. பதினேழு வயதுப் பெண்ணுக்கு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. அக்கம்பக்கத்தார், பள்ளி, சொந்தக்காரர், ஆஸ்பத்திரி வரிசையில் முன்னால் நிற்கிறவர் என எல்லாரும் தருகிறார்கள். அதில் பாதி கண்டனம். எல்மைரா செவிலியர்களின் வேலை மூன்று தளங்களில் நடந்தது. ஒன்று, உடம்பு: புகையைக் குறைப்பது, சிறுநீர்த் தொற்று போன்றவற்றை முற்றும் முன்பே கவனிப்பது, எந்த அறிகுறி வந்தால் மருத்துவரைக் கூப்பிட வேண்டும் என்பது. இரண்டு, குழந்தை. மூன்று, தாயின் சொந்த வாழ்க்கை: விட்ட படிப்பைத் தொடர்வதா, என்ன வேலை தேடலாம், அடுத்த குழந்தை எப்போது. கூடவே அவளுடைய அம்மாவையோ, சிநேகிதியையோ, குழந்தையின் தகப்பன் ஒத்துவந்தால் அவனையோ உட்கார வைத்துப் பேசினார்கள். செவிலியர் ஒருநாள் விலகிவிடுவார், இவர்கள் இருப்பார்கள்.

இரண்டாவது தளம் வெளிப்பார்வைக்கு மிக எளிது. அதன் அடியில் உள்ள அறிவியல் ஆழமானது. எட்வர்ட் ட்ரானிக் 1970களில் செய்த ஒரு சோதனை உண்டு. தாய் தன் கைக்குழந்தையோடு கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு, சொல்லி வைத்தபடி, முகத்தில் எந்த அசைவும் இல்லாமல் சில நிமிடம் குழந்தையைப் பார்க்கிறாள். சில மாதமே ஆன குழந்தை முதலில் சிரித்துப் பார்க்கிறது, குரல் கொடுக்கிறது, கையை நீட்டுகிறது. அந்த வித்தைகள் எதற்கும் பதில் இல்லை என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடிப்போகிறது. கைக்குழந்தை வெறுமனே பால் கேட்டு அழும் உயிர் மட்டுமல்ல. பேச்சு வருவதற்கு வெகு முன்பே தன் பங்குக்கு உரையாடி, மறுபங்கை எதிர்பார்க்கிறது என்பதை அந்தச் சில நிமிடங்கள் காட்டின. இதைத் தெரிந்துகொண்ட தாய்க்குப் பல விஷயங்களின் பொருள் மாறுகிறது. விளையாடிக்கொண்டிருந்த குழந்தை முகத்தைத் திருப்பினால், ‘இதுக்கு என்னைப் பிடிக்கல’ என்று களைத்த தாய் நினைக்கலாம். அது கொஞ்சம் ஓய்வு கேட்கிறது என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, அதே குழந்தையை வைத்துக் காட்டினால், அடுத்த முறை அவளே அதைப் படித்துவிடுகிறாள். தூக்கமில்லாத இரவில் ஓயாத அழுகையைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்வதற்கும் குழந்தையின் கஷ்டம் என்று எடுத்துக்கொள்வதற்கும் இடையே உள்ள தூரம், சில வீடுகளில் ஓங்கிய கைக்கும் தட்டிக்கொடுக்கும் கைக்கும் இடையே உள்ள தூரம்.

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த ஒரு கருத்தும் இந்தத் திட்டத்தின் அடித்தளத்தில் இருந்தது. ஒரு செயலால் பயன் உண்டு என்று தெரிந்தால் மட்டும் மனிதர் அதில் இறங்கிவிடுவதில்லை. தன்னால் அதைச் செய்ய முடியும் என்ற நம்பிக்கை வேண்டும், அந்த நம்பிக்கை சிறு சிறு வெற்றிகளால் வளர்கிறது. அதனால்தான் செவிலியர்கள் பெரிய லட்சியங்களைப் போதிக்கவில்லை. ‘அடுத்த முறை நான் வருவதற்குள் இந்த ஒன்றை முயன்று பார்க்கிறாயா?’ என்ற அளவில் நின்றார்கள்.

பலித்ததா? முதல் இரண்டு ஆண்டுகளில், ஏழையாகவும் மணமாகாதவராகவும் பதின்வயதினராகவும் இருந்த தாய்மாரை மட்டும் எடுத்துக்கொண்டால், செவிலியர் வராத குழுவில் 19 சதவீதக் குழந்தைகள் துன்புறுத்தப்பட்டதாகவோ கவனிப்பின்றி விடப்பட்டதாகவோ பதிவானது. செவிலியர் தொடர்ந்து வந்த குழுவில் 4 சதவீதம். கேட்டதும் மலைக்க வைக்கும் வித்தியாசம். ஆனால் அந்த உட்பிரிவில் இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். திட்டத்தால் ஒரு பயனும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், குலுக்கல் விழுந்த விதத்தினாலேயே இவ்வளவு வித்தியாசம் தோன்ற நூற்றுக்கு ஏழு வாய்ப்பு உண்டு என்று கணக்குச் சொன்னது. நூற்றுக்கு ஐந்துக்குள் இருந்தால்தான் தற்செயலை ஒதுக்கி வைப்பது ஆய்வாளர்களின் வழக்கம். ஆகவே அன்றைக்கு அது பலமான ஒரு சைகை மட்டுமே.

அவர்கள் அதோடு நிறுத்தவில்லை. குழந்தை பிறந்த முதல் நான்கு ஆண்டுகளில், ஏழை மணமாகாத தாய்மாரிடம் மறு கர்ப்பங்கள் 43 சதவீதம் குறைந்திருந்தன. 15 ஆண்டுகள் கழித்து, 400 பேரில் 324 பேரைத் தேடிக் கண்டுபிடித்தார்கள். முழுக் குழுவையும் வைத்துப் பார்த்தபோது, தாய்மீது உறுதி செய்யப்பட்ட துன்புறுத்தல் அல்லது கவனிப்பின்மைப் புகார்கள், செவிலியர் வராத குடும்பங்களில் சராசரியாக 0.54, செவிலியர் இரண்டு வயதுவரை வந்த குடும்பங்களில் 0.29. ஏறத்தாழப் பாதி. இங்கே நுட்பமான ஒன்றைக் கவனிக்க வேண்டும். வீட்டுக்குள் அடிக்கடி வந்துபோகும் செவிலியரின் கண்ணில் தப்புகள் அதிகமாகப் படும். அவர் புகார் செய்யவும் கடமைப்பட்டவர். பயன் ஏதும் இல்லாதிருந்தால் செவிலியர் வந்த குடும்பங்களில்தான் புகார் கூடுதலாகப் பதிவாகியிருக்க வேண்டும். அதையும் மீறிப் பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஒரு விதிவிலக்கு இருந்தது. கணவனோ காதலனோ அந்தப் பெண்ணை அடிக்கடி அடித்துத் துன்புறுத்திய வீடுகளில் இந்தப் பயன் மறைந்துபோனது. தாய் அடிவாங்கும் வீட்டில் குழந்தையைக் காப்பாற்றும் வலிமை செவிலியரின் கனிவுக்கு இல்லை. அங்கே வேண்டியது வேறு பாதுகாப்பு. துணையில்லாத தாய் என்று சொல்லும்போதே துணை இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுகிறவர்கள் இந்தக் கண்டுபிடிப்பின் முன் சற்று நிற்க வேண்டும்.

ஒரே ஊரில் பலித்ததை மட்டும் நம்பக் கூடாது. எல்மைரா பெண்கள் பெரும்பாலும் வெள்ளையர், சிறுநகரத்தார். 1990இல் மெம்ஃபிஸ் நகரில் 1,139 பெண்களோடு அடுத்த சோதனை தொடங்கியது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் கருப்பினத்தவர். 98 சதவீதத்தினர் மணமாகாதவர். மூன்றில் இரண்டு பங்கினர் போல 18 வயதோ அதற்குக் கீழோ. குறைப்பிரசவமும் பிறப்பு எடையும் மாறவில்லை. ஆனால் விழுந்து அடிபட்டோ, கண்டதை விழுங்கியோ குழந்தைகள் ஆஸ்பத்திரியில் படுத்த நாட்களை, நூறு குழந்தைகளுக்கு என்று கணக்கிட்டால், செவிலியர் வராதவர்களிடம் 16, வந்தவர்களிடம் 3. இரண்டு ஆண்டுக்குள் மறுபடி கருவுற்றவர்கள் 47 சதவீதத்திலிருந்து 36 ஆகக் குறைந்தார்கள். தன்மேல் நம்பிக்கை குறைந்து, மனச்சோர்வோடு தொடங்கிய தாய்மாரின் குழந்தைகளிடம் பயன் அதிகமாகத் தெரிந்தது.

1994இல் தொடங்கிய டென்வர் சோதனையில் 735 பெண்கள். அங்கே கேள்வி வேறு: வருபவர் செவிலியராகத்தான் இருக்க வேண்டுமா? பள்ளிப்படிப்பு முடித்த, அதே சமூகத்தைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற பெண்கள் போதாதா? அவர்கள் சென்ற வீடுகளிலும் சில நன்மைகள் இருந்தன. ஆனால் பெரும்பாலானவற்றில் செவிலியரால் கிடைத்ததில் பாதி அளவே. செவிலியரிடம் மருத்துவ அறிவு இருந்தது. ‘என் பிள்ளைக்கு இது சரியா’ என்று பயந்து கேட்கும் தாய்க்கு அவர் சொல்லில் ஒரு நம்பகம் இருந்தது. காரணம் இதுதான் என்று நான் நினைக்கிறேன், சோதனை அதைத் தனியே பிரித்துக் காட்டவில்லை.

மூன்று நகரங்கள், மூன்று சோதனைகள். இதற்குப் பிறகு திட்டம் கடல் கடந்தது. இங்கிலாந்தில் 2007 முதல் குடும்பச் செவிலியர் திட்டமாக அது நடந்தது. அதை அங்கேயே சோதிக்க 18 பகுதிகளில், 19 வயதோ அதற்குக் கீழோ உள்ள 1,645 பெண்களைக் குலுக்கலில் பிரித்தார்கள். தொடங்கும் முன்பே நான்கு முதன்மை அளவுகோல்களை அறிவித்தார்கள்: கர்ப்பத்தின் கடைசியில் புகைப்பிடித்தல், பிறப்பு எடை, இரண்டு ஆண்டுக்குள் மறு கர்ப்பம், குழந்தையை அவசரச் சிகிச்சைக்கோ உள்நோயாளியாகவோ கொண்டுபோகும் நிலை. முன்கூட்டி அறிவிப்பது சடங்கல்ல. நூறு விஷயங்களை அளந்துவிட்டுப் பிறகு நல்லதைப் பொறுக்கினால், தற்செயலாகவே நாலைந்து பளபளக்கும். லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு: நான்கிலும் பயன் இல்லை. புகைப்பிடித்தல் இரு பக்கமும் 56 சதவீதம். மறு கர்ப்பம் இரு பக்கமும் 66 சதவீதம்.

அமெரிக்கத் திட்டம் பொய்யா? இங்கே மறுபடி அந்த வயலுக்கு வர வேண்டியிருக்கிறது. ஏற்கனவே வாய்க்கால் பாயும் பாத்திக்கு மேலும் குடம் குடமாக ஊற்றினால் விளைச்சலில் எவ்வளவு வித்தியாசம் தெரியும்? இங்கிலாந்தில் எந்தத் தாய்க்கும் மருத்துவம் இலவசம். பேறுகாலச் செவிலியரும், பிறகு வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கும் நலச் செவிலியரும் கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் உண்டு. எல்மைராவின் 1978ஆம் ஆண்டுப் பெண்ணுக்கு அப்படி ஒரு வாய்க்கால் இல்லை. சோதனை ஒன்றின் முடிவைக் கேட்டதும், ‘எதோடு ஒப்பிட்டு?’ என்று கேட்காமல் விட்டால் பாதி விடையைத் தொலைத்துவிடுவோம். இந்த விளக்கம் எனக்குச் சரியாகப் படுகிறது. ஆனாலும் எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டிவிட முடியாது. அமெரிக்காவிலேயே தென் கரோலினாவில் 2016 முதல் 5,670 பெண்களோடு நடந்த மிகப் பெரிய சோதனையின் முதல் முடிவு 2022இல் வந்தது. பிரசவத்தை ஒட்டிய கெடுதல்கள் செவிலியர் வந்தவர்களிடம் 26.9 சதவீதம், வராதவர்களிடம் 26.1. வித்தியாசமே இல்லை. மெம்ஃபிஸிலும் குறைப்பிரசவம் மாறவில்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அதிர்ச்சி குறையும். பிறப்பு எடையும் பிரசவ நாளும் பல ஆண்டு வறுமை, உணவு, நோய், மன அழுத்தம் எல்லாம் சேர்ந்து எழுதிய கணக்கு. கர்ப்பத்தின் நடுவில் கதவைத் தட்டும் ஒருவரால் அதைத் திருத்தி எழுதுவது கடினம். பிள்ளை பிறந்த பிறகு தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவே நடப்பதில்தான் அவருக்கு இடம் இருக்கிறது.

மெம்ஃபிஸ் பிள்ளைகள் 20 வயதை எட்டியபோது கணக்கெடுத்தார்கள். தடுத்திருக்கக்கூடிய காரணங்களால் இறந்தவர்கள் கட்டுப்பாட்டுக் குழுவில் 1.6 சதவீதம், பிறந்த பிறகும் செவிலியர் வந்த குழுவில் ஒருவர்கூட இல்லை. இறந்தவர்கள் எண்ணிக்கையில் மிகச் சிலர் என்பதால் இதன்மேல் பெரிய கோட்டை கட்டக் கூடாது. ஆனாலும் ஒரு தாயின் கோணத்தில் இதைவிடப் பெரிய அளவுகோல் எனக்குத் தோன்றவில்லை.

இங்கிலாந்துக் கதையும் அந்த நான்கு பூஜ்யங்களோடு முடியவில்லை. இரண்டு வயதில், செவிலியர் வந்த குழந்தைகளின் பேச்சும் அறிவு வளர்ச்சியும் சற்று மேலாக இருப்பதாகத் தாய்மார் சொன்னார்கள். முதன்மை அளவுகோல் அல்லாததால் யாரும் அதைக் கொண்டாடவில்லை. கொண்டாடாமல் விட்டது சரிதான். ஆய்வாளர்கள் அந்த 1,645 குலுக்கல் சீட்டுகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். யாரையும் மறுபடி தொந்தரவு செய்யாமல், அரசின் பள்ளி, மருத்துவ, குழந்தைப் பாதுகாப்புப் பதிவுகளோடு அவற்றைப் பெயரில்லாமல் இணைத்தார்கள். குழந்தைப் பாதுகாப்புப் பதிவுகளில் இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. பள்ளிப் பதிவுகளில் இருந்தது. ஐந்து வயதில், பள்ளி எதிர்பார்க்கும் வளர்ச்சி நிலையை எட்டியவர்கள் செவிலியர் வந்த குழுவில் கூடுதல். இந்த முறை மதிப்பிட்டவர்கள் தாய்மார் அல்லர், ஆசிரியர்கள். பிறந்த மாதத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு பார்த்தால், ஏழு வயதில் வாசிப்பிலும் அந்தப் பிள்ளைகள் ஒரு படி முன்னால் இருந்தார்கள். பயன் கூடுதலாகத் தெரிந்தது ஆண் குழந்தைகளிடம். இருப்பவர்களிலேயே மிக இளைய தாய்மாரின் பிள்ளைகளிடம். ஆய்வில் சேர்ந்தபோது படிப்பும் வேலையும் இல்லாமல் வீட்டில் இருந்த பெண்களின் பிள்ளைகளிடம்.